அரை என்று வாசிக்காத குரல்

எட்சனுக்கு வந்த வக்கீல் நோட்டீஸை அவனுக்கு வாசித்துக் கொடுத்தது, எந்தச் செயலியைப் பற்றி அந்த நோட்டீஸ் வந்ததோ, அதே செயலிதான்.

அன்று சனிக்கிழமை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை அவனுக்கு, சனிக்கிழமை விடுமுறை. மனைவி ஸ்மைலின் வடசேரி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் டியூஷனுக்கு. தபால்காரர் அவனுடைய விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வைத்து, "கோயம்புத்தூர்லேந்து ரெஜிஸ்டர் தபால். வக்கீல் ஆபீஸ் சீல் இருக்கு சார்" என்று மெதுவாகச் சொன்னார். கேட் வரை போனவர் திரும்பி வந்து, "படிச்சுச் சொல்ல ஆளு உண்டா?" என்று கேட்டார்.

"ஆளு இல்ல. ஃபோன் உண்டு" என்றான் எட்சன்.

பத்தொன்பது வயதில் கண்ணில் அழுத்த நோய் வந்து பார்வை போனது. இப்போது நாற்பத்தொன்று. அவன் கைபேசியில் இருந்த அந்தச் செயலிக்குப் பெயர் 'செவிவிளக்கு'. காகிதத்துக்கு நேராகக் கைபேசியைப் பிடித்தால், அதில் எழுதியிருப்பதை ஓர் இனிய பெண்குரலில் தமிழில் வாசிக்கும். நோட்டீஸை மேசையில் விரித்து, நான்கு மூலைகளையும் தடவிச் சரிசெய்துகொண்டு, கைபேசியை ஒரு சாண் உயரத்தில் பிடித்தான். குரல் வாசித்தது.

"எமது கட்சிக்காரரான நிறுவனத்தின் 'செவிவிளக்கு' செயலியைப் பற்றித் தாங்கள் 'கேட்டதை எழுதுகிறேன்' என்ற தங்கள் வலைப்பூவில் பின்வருமாறு அவதூறாக எழுதியுள்ளீர்கள். மருந்துச் சீட்டில் ஒன்று என்று இருந்தால், இந்தச் செயலி அதை ஒன்று என்று வாசிக்கிறது."

எட்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் எழுதியது அதுவல்ல. மருந்துச் சீட்டில் அரை என்பதை எண்ணால் '½' என்று போட்டிருந்தால், இந்தச் செயலி அதை ஒன்று என்று வாசிக்கிறது என்றுதான் எழுதியிருந்தான். நோட்டீஸில் அந்த வாக்கியம் சரியாகத்தான் அச்சாகியிருக்கும். அதை வாசித்த குரல்தான் மறுபடியும் அரையை விழுங்கிவிட்டது.

சிரிப்பு அடுத்த பத்தியில் நின்றுபோனது.

"செயலியை நிறுவும்போது தாங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின் பதினான்காம் ஷரத்தின்படி, நிறுவனத்தின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் செயலியைக் குறித்த விமர்சனமோ சோதனை முடிவுகளோ வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இந்த அறிவிப்பு கிடைத்த பத்து நாட்களுக்குள் மேற்படி பதிவை நீக்கி, அது உண்மைக்குப் புறம்பானது என்று வருத்தம் தெரிவித்து வெளியிடத் தவறினால், நஷ்டஈடாக ஐந்து லட்சம் ரூபாய் கோரி..."

அந்தக் குரல் மிரட்டுவதற்காகப் படைக்கப்பட்டதல்ல. காலையில் பிள்ளைகளின் பள்ளிச் சுற்றறிக்கையை வாசிக்கும் அதே கனிவோடு ஐந்து லட்சம் ரூபாயையும் வாசித்தது. எட்சன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்த பிறகும் மேசைக்குள்ளிருந்து அது பேசிக்கொண்டேயிருந்தது.

*

அந்தப் பதிவை எழுதியதற்குக் காரணம் ஓமனா அம்மா.

மார்த்தாண்டம் பக்கத்தில் தனியாக இருப்பவர், அறுபது தாண்டியவர். அவருக்கும் பார்வையில்லை. எட்சனின் வலைப்பூவைக் கைபேசியில் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கைபேசியையே பழகினார். 'செவிவிளக்கு' நல்லது என்று அவருக்குச் சொன்னவனும் எட்சன்தான். ஒருநாள் அவர் அழைத்தார்.

"மோனே, எனக்கு பிரஷர் குளிகை ஒண்ணா அரையா? டாக்டர் அரைன்னு சொன்ன மாதிரி ஒரு ஓர்ம. இந்த ஃபோன்ல உள்ள பெண்ணு ஒண்ணுன்னு வாசிக்கா. நாலு நாளா ஒண்ணு தின்னுதேன். நேத்து குளிமுறியில தலை சுத்தி விழுந்தாச்சு."

எட்சன் உடனே ஸ்மைலினைக் கூப்பிட்டு அந்த டாக்டரிடம் கேட்கவைத்தான். டாக்டர் சொன்னது அரை மாத்திரைதான். அன்று மாலை ஸ்மைலின் தன் கடையில் மருந்து உறைகளில் ஒட்டும் சீட்டில் இருபது அச்சடித்துக் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் '½ - 0 - ½'. காலையில் அரை, மதியம் இல்லை, இரவில் அரை. எட்சன் ஒவ்வொன்றாகப் பிடித்தான். பதினேழு சீட்டுகளில் குரல் 'ஒன்று, பூஜ்யம், ஒன்று' என்றது. மூன்றில் ஒன்றுமே சொல்லவில்லை.

இரண்டு தடவை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினான். தங்கள் கருத்துக்கு நன்றி என்று இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் எழுதினான். செயலியின் குரல் நன்றாக இருக்கிறது, கையெழுத்தைக்கூட வாசிக்கிறது என்று பாதிப் பக்கம் புகழ்ந்துவிட்டு, கடைசியில் மருந்துக்கு மட்டும் இதை நம்பவேண்டாம், பார்வையுள்ள ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தான்.

நோட்டீஸைப் பற்றி எட்சன் சொன்னபோது ஸ்மைலின் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதிவை எடுத்துப் போட்டிருங்க" என்றாள். "நமக்க பிள்ளைகளுக்க முகத்தை நெனச்சாவது எடுத்துப் போடுங்க."

"எடுத்தாப் போதாதுட்டி. பொய்ன்னு எழுதி ஒப்புக்கொடுக்கணுமாம்."

"பொய்யா?" குழாய் நின்றது. "எனக்க கடையில, எனக்க கையால அடிச்ச சீட்டு அது. அதெப்படி பொய்யாவும்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

"என்னட்ட கேட்டு என்னத்துக்கு? கோர்ட்டுல கேக்கணும்" என்றவள், சற்றுப் பொறுத்து, "நம்ம கடைக்கு மருந்து வாங்க வருத ரஷ்மி வக்கீலுதான். கேட்டுப் பாக்கட்டா?" என்றாள்.

*

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் ரஷ்மி அலுவலகம் வைத்திருந்தாள். தாழக்குடிப் பக்கம் வயல்காரக் குடும்பம். வக்கீலாகி ஏழு வருடம். திங்கட்கிழமை மாலை எட்சன் படியேறிப் போனபோது வெளியே கூட்டமாக ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஷ்மி வாசலுக்கு வந்து, "படி கடைசி ஒண்ணு உடைஞ்சிருக்கு அண்ணா, அதை விட்டுட்டு ஏறுங்க" என்றாள். பிறகு நோட்டீஸை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினாள். 'அரை' என்று வரவேண்டிய இடத்தில் 'அரை' என்று வந்தது. எட்சனுக்கு அதுவே ஓர் ஆறுதலாக இருந்தது.

"இதுல ரெண்டு சங்கதி உண்டு" என்றாள். "ஒண்ணு அவதூறு. நீங்க எழுதினது உண்மை, அதும் நாலு பேருக்க நன்மைக்காக எழுதினது. அதுல எனக்கு பயமில்ல. ரெண்டாவதுதான் பொல்லாதது. எழுதமாட்டேன்னு ஒத்துக்கிட்டு எழுதிட்டீங்கன்னு சொல்லுகான். உண்மைய எழுதினாலும் வாக்குத் தவறினது தவறினதுதானேங்கான்."

"உண்மையச் சொல்லாதேன்னு ஒருத்தன்கிட்ட வாக்கு வாங்க முடியுமா?"

"வாங்கத்தான் செய்யுகான். அது செல்லுமான்னு கோர்ட்டுதான் சொல்லணும். ஊருக்குக் கேடான ஒப்பந்தம் செல்லாதுன்னு வாதாடலாம். ஆனா இதே மாதிரி ஒரு வழக்குல இப்படித் தீர்ப்பாச்சுன்னு எடுத்துக் காட்ட என் கையில ஒண்ணும் இல்ல. அதும் கோயம்புத்தூர்லதான் நடத்தணும்னு ஒப்பந்தத்துல போட்டிருப்பான். நீங்க வருஷக்கணக்கா அங்க போயிட்டு வரணும்." காகிதத்தைப் புரட்டினாள். "அது போட்டும். செயலியப் போட்டப்போ ஒப்பந்தம் திரையில வந்திருக்குமே. அதை உங்க ஃபோன் எப்படி வாசிச்சுது?"

"வாசிக்கல. அது படமாட்டு இருந்தது. கைபேசில முந்தியே உள்ள குரலு 'படம்'னு மட்டும் சொல்லும். கீழ உள்ள பட்டனுக்கும் பேரு கிடையாது."

ரஷ்மி நாற்காலியைப் பின்னால் தள்ளுவது கேட்டது. தன்னுடைய கைபேசியிலேயே செயலியை இறக்கிப் பார்த்தாள். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"கண்ணு தெரியாதவங்களுக்குன்னே செயலி செஞ்சுட்டு, ஒப்பந்தத்தை மட்டும் கண்ணு தெரிஞ்சவங்க வாசிக்குத மாதிரி வச்சிருக்கான் பாருங்க. எட்சன் அண்ணா, இனி வேற ஒண்ணும் வேண்டாம். வாசிக்க வழியே இல்லாத ஷரத்தை ஒத்துக்கிட்டீங்கன்னு அவன் எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுவான்? பட்டனை யாராவது அமுக்கித் தந்திருப்பாங்க, இல்லியா?"

"ஆமா. கோட்டாறுல ஒரு கடையில" என்றான் எட்சன்.

"அவ்வளவுதான். வியாழக்கிழமை பதில் அடிச்சு வைக்கேன். கையெழுத்துப் போட வாங்க. ஃபீஸெல்லாம் பேசவேண்டாம், ஒரு டீ வாங்கித் தந்தாப் போதும்."

படியிறங்கும்போது எட்சனுக்கு மூச்சு லேசாக வந்தது. உடைந்த படியையும் ஞாபகமாகத் தாண்டினான். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடறியது. அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. ரஷ்மி கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னான். அவள் கேட்காத ஒன்று இருந்தது.

*

கோட்டாறில் ஷாஜன் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். முந்தின வருடம் செயலியைப் போடுவதற்கு எட்சன் அவனிடம்தான் போனான். பட்டனை மட்டும் அமுக்கித் தந்தால் போதாது, அதில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லு என்று கேட்டான். கடை நிறைய ஆள் நின்றது. ஷாஜன் ஒருவார்த்தை முணுமுணுக்காமல், திரையை விரலால் தள்ளித் தள்ளி, நான்கு பக்கத்தையும் வாசித்தான். பதினான்காவது வந்ததும் நிறுத்தினான்.

"அண்ணே, விமர்சனம் எழுதக்கூடாதுன்னு போட்டிருக்கான். உமக்குன்னே போட்டது போல இருக்கே."

"எல்லாவனும் அப்படித்தாம்லே போடுவான். அமுக்கு" என்று எட்சன் சிரித்தான். ஷாஜனும் சிரித்தான். அமுக்கினான்.

புதன்கிழமை எட்சன் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது ஷாஜன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"இதுல என்ன யோசிக்கதுக்கு இருக்கு? நான் வாசிச்சது யாருக்குத் தெரியும்? கேட்டா, பட்டனை அமுக்கிக் குடுத்தேன், வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருதேன்."

"கோர்ட்டுல சத்தியம் பண்ணுவியா மக்கா?"

"பண்ணுவேன். உமக்கு வேண்டித்தானே. ஐஞ்சு லட்சம் உள்ளவன் கேக்கான், இல்லாதவன் தப்பிக்கான். இதுல பாவம் எங்க இருக்கு?"

அன்பினால் ஒருவன் தனக்காகப் பொய் சொல்ல வருவதைவிடப் பெரிய சோதனை வேறில்லை. பகைவன் என்றால் மறுத்துவிடலாம். எட்சன் அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவைக் கடக்க முடியாமல் வெகுநேரம் நின்றான். எந்தப் பக்கமும் வண்டிகள் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பழக்கடைக்காரப் பெண் வந்து முழங்கையைப் பிடித்து அக்கரையில் விட்டாள்.

வியாழக்கிழமை ரஷ்மியிடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினான். அவள் கடிதத்தைக் கைபேசிக்கு அனுப்பினாள். இனிய குரல் வாசித்தது: "எமது கட்சிக்காரர் முற்றிலும் பார்வையற்றவர். பதினான்காம் ஷரத்து இருப்பதே அவருக்குத் தெரியாது."

"நல்லா இருக்கே" என்றாள் ஸ்மைலின். "கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா உறங்குங்க."

"எனக்குத் தெரியுமேட்டி."

"என்ன தெரியும்?"

ஷாஜன் வாசித்ததைச் சொன்னான். ஸ்மைலின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதட்டவில்லை. "அன்னைக்குப் பட்டனை அமுக்கச் சொன்னப்போ கொஞ்சம் யோசிச்சிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டாள். அன்று குடும்ப ஜெபத்தில் எதைக் கேட்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பதிவை எடுத்தால் ஓமனா அம்மாவைப் போன்றவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. எடுக்காவிட்டால் வழக்கு. வழக்கிலிருந்து தப்ப ஒரே வாசல். அந்த வாசலில் ஒரு பொய் நின்றது. வழக்கமாக நீளமாக ஜெபிக்கிற எட்சன், "ஆண்டவரே, வழி காட்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டான். மூத்தவள், "அப்பா, அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசித்தார்கள். சபையில் கல்யாணம் நிச்சயமானால், மணமக்களின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரியப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாசிப்பவர் கொஞ்சம் நிறுத்துவார்.

எட்சன் சிறுவயது முதல் கேட்டு வருவதுதான். அந்த நிறுத்தத்தில் யாரும் எழுந்து பேசி அவன் கேட்டதில்லை. மின்விசிறிகள் சுற்றும், எங்காவது ஒரு குழந்தை அழும், ஒருவர் இருமுவார். பிறகு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்கள். பார்வை உள்ளவர்களுக்கு அது ஒரு சடங்கு. அவர்கள் அந்த நேரத்தில் மணப்பெண்ணின் தாயாரைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். எட்சனுக்கோ அந்த நிறுத்தம் முழுவதும் காதில் விழும்.

"இது மூன்றாம் முறை" என்றார் வாசித்தவர். நிறுத்தினார்.

யாரோ ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சேதத்திலிருந்து காப்பதற்காகச் சபை தன் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறது. வாசிக்கிறவர் தன் வேலையை முடித்துவிட்டார். இனி அறிந்தவன் பேசவேண்டும். அறிந்தும் வாயை மூடியிருப்பவன், ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமலேயே பொய்க்குத் துணைபோகிறான். மருந்துச் சீட்டு விஷயத்தில் எட்சன் அதை அறிந்திருந்தான், அதனால்தான் எழுதினான். ரஷ்மியின் அறையில் அதே நிறுத்தம் வந்தபோது மட்டும் அவன் இருமிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

இன்னொன்றும் தோன்றியது. தனக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை என்று கையெழுத்துப் போடுவது, கடை நிறைய ஆட்களைக் காக்கவைத்து நான்கு பக்கம் வாசித்த ஷாஜனை அழித்துவிடுவது. இந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேர் அவனுக்கு வாசித்திருக்கிறார்கள். பேருந்துப் பலகை, மின்கட்டணச் சீட்டு, பிள்ளைகளின் மதிப்பெண். ஒருவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. கடவுள் தனக்குக் கண்ணைத் திருப்பித் தரவில்லை. பிறர் கண்களைத் தந்தார் என்று அவன் நம்பிவந்தான். அவற்றில் ஒன்றை இல்லை என்று சொல்லி ஐந்து லட்சத்திலிருந்து தப்பவேண்டுமா?

*

திங்கட்கிழமை காலையிலேயே ரஷ்மியிடம் போனான். எல்லாவற்றையும் சொன்னான். பேனாவை மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"இதை ஏன் இப்பம் சொல்லுகீங்க? நாளைக்குப் பத்தாவது நாள்."

"முந்தியே சொல்லியிருக்கணும். பயந்து போனேன்."

"நீங்க பொய் சொல்லவேண்டாம் அண்ணா. ஷாஜனைப் பத்திச் சொல்லாம இருந்தாப் போதும். அவன் கேக்கட்டும். கேட்டாப் பாத்துக்கலாம்."

"அரையை விட்டுட்டு ஒண்ணுன்னு வாசிக்குதுன்னுதானே நான் எழுதினேன். நானே அரையை விட்டுட்டு வாசிச்சா எப்படி?"

கீழே யாரோ யாரையோ "லேய், ஜாமீனுக்கு ஆள் வந்தாச்சா?" என்று கத்தினார்கள்.

"உங்களை மாதிரி நாலு கட்சிக்காரங்க வந்தா நான் ஆபீஸைப் பூட்டிட்டு வயல்ல களை பறிக்கப் போகவேண்டியதுதான்" என்றாள் ரஷ்மி. குரலில் கோபம் பாதிதான் இருந்தது. "நல்ல வாசலை நீங்களே அடைச்சாச்சு. மிச்சம் உள்ளது ஒரு சன்னல்தான். இப்படி ஒரு ஷரத்து செல்லாது, மருந்து விஷயத்துல ஆள் வாயைக் கட்டுகது ஊருக்குக் கேடுன்னு சொல்லணும். சொல்லுகேன். ஜெயிப்போமான்னு கேக்காதீங்க."

"கேக்கல."

"அப்போ சொல்லுங்க. நீங்க சொல்லுகதை நான் எழுதுகேன். வக்கீல் பாஷை வேண்டாம்."

எட்சன் சொன்னான். ஒப்பந்தம் படமாக இருந்ததால் தங்கள் செயலியோ கைபேசியோ அதை வாசிக்கவில்லை. ஆனால் ஒரு நண்பர் முழுவதும் வாசித்துக் காட்டினார். பதினான்காம் ஷரத்து எனக்குத் தெரியும். விளையாட்டாக ஏற்றேன், அது என் தவறு. ஒரு வயதான அம்மா நான்கு நாள் இரட்டிப்பு மருந்து சாப்பிட்டு விழுந்த பிறகு, அந்த வாக்கைக் காப்பதைவிட எழுதுவதே சரி என்று எண்ணினேன். எழுதியது உண்மை. அதைப் பொய் என்று எழுதித் தர என்னால் முடியாது. இத்துடன் இருபது சீட்டுகள் இருக்கின்றன. தயவுசெய்து நீங்களே உங்கள் கைபேசியைப் பிடித்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் இடத்தில் ரஷ்மி அவன் விரலை வைத்தாள். ஸ்மைலின் மதிய இடைவேளையில் வந்து, புதிதாக அச்சடித்த சீட்டுகளை உறையில் போட்டாள். "எனக்க பேரையும் போட்டுருங்க வக்கீலே. அடிச்சது நானாக்கும்" என்றாள். எட்சன் அவள் பக்கம் திரும்பினான். அவள் அவன் கையில் ஒரு மிட்டாயை வைத்து விரல்களை மூடினாள்.

*

பத்து நாள் முடிந்தது. பதினைந்து முடிந்தது. வாசலில் சைக்கிள் நிற்கும்போதெல்லாம் தபால்காரரா என்று எட்சன் காதுகொடுத்துக் கேட்டான். கல்லூரியில் தொலைபேசி அடித்தால்கூட எடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினான். அவனால் இனி எதுவும் செய்வதற்கில்லை. பதிவு அப்படியே இருந்தது.

பதினெட்டாம் நாள் மாலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"எட்சன் சாருங்களா? பேசலாமுங்களா?" கோயம்புத்தூர்ப் பேச்சு. இளம் குரல். "பேரு வேண்டாமுங்க. நான் அந்தச் செயலி செய்யற எடத்துல இருக்கறனுங்க. உங்க லெட்டரு எங்க மேசைக்கு வந்துச்சு. மொதல்ல யாரும் நம்பலீங்க. அப்புறம் அந்த எடத்தைப் படிச்சனுங்க, ஒருத்தர் படிச்சுக் காட்டுனாரு, எனக்குத் தெரியும்னு எழுதியிருந்தீங்களே. தனக்கு எதிரா இருக்கறதையே எழுதற மனுசன் மாத்திரை விசயத்துல எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு தோணுச்சுங்க. எங்கப்பா மாத்திரை உறை மேல புடிச்சுப் பாத்தனுங்க."

"என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணுன்னு சொல்லுச்சுங்க." அவன் மூச்சு விடுவது கேட்டது. "கேஸைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. அது மேல இருக்கறவங்க. ஆனா இது எங்க கையில இருக்குதுங்க. சரி பண்றமுங்க. வெச்சர்றனுங்க."

நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் வக்கீல் கடிதம் ஒன்று வந்தது. ரஷ்மி வாசித்தாள். தற்சமயம் மேல்நடவடிக்கை எடுக்க நிறுவனம் விரும்பவில்லை. ஆனால் அதன் எல்லா உரிமைகளும் அப்படியே இருக்கின்றன. எந்நேரமும் வழக்குத் தொடரலாம்.

"அப்படின்னா?"

"கதவைத் திறக்கவும் இல்ல, பூட்டவும் இல்ல. சாவியை அவன் பையில வச்சிருக்கான்" என்றாள் ரஷ்மி.

அதே வாரம் செயலி புதிதாக வந்தது. எட்சன் அதை இறக்கியதும் முதல் திரையிலேயே குரல் பேசத் தொடங்கியது. இப்போது ஒப்பந்தத்தை அதுவே முழுவதும் வாசித்தது. பதினான்காம் ஷரத்து பதினாறாக மாறியிருந்தது. ஒரு சொல்லும் குறையவில்லை. விமர்சனமோ சோதனை முடிவுகளோ முன் அனுமதி இல்லாமல் வெளியிடுவதில்லை. குரல் கனிவாகச் சொன்னது: "ஏற்கிறேன். பட்டன்." அவன் விரல் அதன்மேல் நின்றது. இப்போது பட்டனுக்குப் பெயர் இருந்தது. இனி யார்மேலும் பழி போட முடியாது. அவன் விரலை எடுத்துவிட்டான்.

ஆனால் அரையைச் சரிசெய்தார்களா என்று ஏற்காமல் எப்படித் தெரியும்?

ஓமனா அம்மாவைக் கூப்பிட்டான்.

"நானாக்கும் முந்தி அமுக்கினேன் மோனே" என்றார் அவர். "நீ எழுதப்பிடாதுன்னுதானே போட்டிருக்கு. எனக்கு எழுதத் தெரியாதே, பேசத்தானே தெரியும். நில்லு, குளிகை உறை எடுத்துட்டு வருதேன். ஃபோனை ஒச்ச பெருக்கி, சத்தமாட்டு வைக்கேன்."

பெட்டி திறக்கும் சத்தம். காகிதச் சலசலப்பு. பிறகு மார்த்தாண்டத்திலிருந்து அந்த இனிய குரல் கேட்டது: "அரை. பூஜ்யம். அரை."

"இன்னொரு தடவை வைங்க அம்மா."

"அரை. பூஜ்யம். அரை."

"இன்னும் ஒரு தடவை."

மூன்றாம் முறையும் அதே. அதற்குப் பின் வந்த நிறுத்தத்தில் ஓமனா அம்மா, "கேட்டியா மோனே?" என்றார்.

"கேட்டேன்."

ரஷ்மியிடம் சொன்னபோது அவள் எச்சரித்தாள். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடுங்க. பழைய ஒப்பந்தம் இன்னும் உங்க தலையில இருக்கு. திட்டி எழுதினாலும் குத்தம், புகழ்ந்து எழுதினாலும் குத்தம்."

"அப்போ சரியாயிட்டுதுன்னு எழுதினாலுமா?"

"எழுதினாலும்தான்" என்றாள். பிறகு சிரித்தாள். "நீங்க எழுதத்தான் போறீங்க. அடுத்த நோட்டீஸுக்கும் டீதான் ஃபீஸ்."

அன்று மாலை பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தபோது எட்சன் வலைப்பூவைத் திறந்தான். பழைய பதிவில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதன் கீழே இதைச் சேர்த்தான்.

"மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அம்மா இன்று மூன்று முறை வாசிக்கவைத்துக் காட்டினார். செயலி இப்போது அரையை அரை என்று வாசிக்கிறது. இதைச் சரிசெய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் நன்றாக இருக்கட்டும். ஆனாலும் மருந்து என்றால், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்துச் சொல்வார்கள்."